கலகமா, எழுச்சியா? ‘ரயட்’ என்னும் சொல்லின் மீது ஒரு விசாரணை

1908ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் திருநெல்வேலியில் நிகழ்ந்ததை ஆங்கில அரசின் ஏடுகள் ‘டின்னவெல்லி ரயட்’ என்று எழுதி வைத்தன. அவ்வேடுகளை வழிமொழிந்த தமிழர் ‘திருநெல்வேலிக் கலகம்’ என்றனர். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் தம் நூலுக்கு இட்ட பெயரோ ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்பது. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்நூலுக்குக் கிடைத்தது. நூலின் உள்ளீட்டை மதிப்பிடுவது வரலாற்றறிஞர்களின் வேலை. நாம் எடுத்துக்கொள்வது அதன் அட்டையில் உள்ள ஒரே ஒரு சொல்லை. ‘கலகம்’ இருந்த இடத்தில் ‘எழுச்சி’ வந்து அமர்ந்திருக்கிறது. இது வெறும் பெயர் மாற்றமா? அல்லது நூறாண்டுக்கு மேலாக ஒரு நகரத்து மக்கள் மீது நின்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெறும் செயலா?

சொல்லுக்குப் பொருள் தேடுவதைச் சிலர் வேலையற்றோர் வேலை என்பர். நம் முன்னோர் அவ்வாறு கருதியவர் அல்லர். வரவிருக்கும் குழப்பக் காலத்தைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறுகையில் ‘ஹர்ஜ்’ மிகும் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த தோழர்கள் தலையசைத்துவிட்டுப் போய்விடவில்லை. ‘ஹர்ஜ் என்றால் என்ன?’ என்று வினவினர். கொலை என்று விடை வந்தது. அது அபிசீனிய மொழிச் சொல் என்று அபூமூஸா (ரலி) அவர்கள் விளக்கியதையும் ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்துள்ளது. அயல்மொழிச் சொல் ஒன்று வன்முறைக்குப் பெயராக வரும்போது அதை நிறுத்தி வைத்துப் பொருள் கேட்பது நமக்குப் பழக்கமான நெறிதான். ஆகவே ‘ரயட்’ என்பதையும் நிறுத்தி வைத்துக் கேட்போம்.

இச்சொல் ஆங்கிலேயர்க்கும் இரவல் பொருளே. பழைய பிரெஞ்சு மொழியில் ‘ரியோத்’ என்றால் வாய்ச்சண்டை, வாதம், ஓயாத பேச்சு. கல்லும் இல்லை, தீயும் இல்லை; நாவின் சச்சரவு மட்டும். ஆங்கிலத்துள் புகுந்தபோது அது ஊதாரித்தனம், களியாட்டம், வரம்பற்ற வாழ்வு என்னும் பொருளைப் பெற்றது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தம் கதையொன்றில் ‘ரயட்டர்’ என்று அழைக்கும் மூவரும் கலகக்காரர் அல்லர். மதுக்கடையே கதியென்று கிடந்த இளைஞர்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், தந்தையின் சொத்தைத் தூர தேசத்தில் அழித்த இளைய மகனின் வாழ்க்கைக்கும் இச்சொல்லே அடைமொழி. தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ‘துன்மார்க்கம்’ என்கிறது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ நண்பர்களுக்கு இது நன்கு தெரிந்த பகுதி. இன்றும் பூந்தோட்டத்தின் பல வண்ணங்களைக் கண்டு ஆங்கிலேயர் ‘வண்ணங்களின் ரயட்’ என்று வியப்பது அப்பழம்பொருளின் எச்சமே.

இன்னொரு வழக்கும் உண்டு. நம் கருத்துக்கு மிகவும் வேண்டியது அதுதான். வேட்டைக்குக் கொண்டுபோன நாய், எசமான் காட்டிய விலங்கின் மோப்பத்தை விட்டு வேறொன்றின் பின்னால் ஓடுமானால், அந்நாய் ‘ரயட்’ செய்கிறது என்பர் ஆங்கில வேட்டைக்காரர். நாய்க்கும் ஒரு நோக்கம் இருந்திருக்கலாம். அதன் மூக்கு அதற்கு ஒரு செய்தி சொல்லியிருக்கலாம். அதை எவரும் கேட்பதில்லை. எசமான் காட்டிய வழியை விட்டது என்பதொன்றே கணக்கு. ஊதாரி மகனானாலும் வழிமாறிய நாயானாலும் இச்சொல் எப்போதும் உடைமைக்காரனின் வாயிலிருந்தே பிறக்கிறது. மக்கள் கூட்டம் செய்யும் வன்செயல் என்னும் பொருளும் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேர்ந்துவிட்டது. அதன் பின் சட்டம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது.

1715ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ‘ரயட் ஆக்ட்’ புகழ் பெற்றது. பன்னிருவரோ அவருக்கு மேற்பட்டவரோ கூடிக் குழப்பம் விளைவித்தால், நடுவர் ஒருவர் வந்து அரசர் பெயரால் ஓர் அறிவிப்பைப் படிப்பார். படித்து ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்க்கு மரண தண்டனை வரை உண்டு. கலைக்கும்போது கூட்டத்தினர் எவரேனும் மாண்டால் கலைத்தவர்மேல் குற்றம் இல்லை. இங்கிலாந்தில் இச்சட்டம் நீக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் வீட்டில் பிள்ளையைக் கடிந்துகொள்வதைக் கூட ‘ரயட் ஆக்ட் படித்தார்’ என்று சொல்லும் வழக்கு அவர்களிடம் இன்னும் மறையவில்லை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ஐவரைக் கூட்டம் என்று கொண்டது. அதன் 146ஆம் பிரிவின் கருத்து இது: சட்ட விரோதக் கூட்டத்தில் ஒருவர் பொது நோக்கத்துக்காக வன்முறை செய்தாலும் உறுப்பினர் அனைவரும் கலகக் குற்றவாளிகள். ஒருவன் கல்லெறிந்தால் உடன் வந்த நால்வரும் கல்லெறிந்தவரே. 2024 ஜூலை முதல் நாள் இச்சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. எண் 191 என்று மாறியதே அன்றி, இலக்கணம் மாறவில்லை.

இவ்விடத்தில் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஒரு நூலை நினைவூட்ட விரும்புகிறோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ ஷாஃபிஈ சட்டத்தின் தலையாய நூல்களுள் ஒன்று. அதில் ‘புகாத்’ எனப்படுவோர்க்கு, அதாவது ஆட்சியாளரை எதிர்த்து எழுந்தோர்க்கு, தனிப் பகுதி உண்டு. எழுந்தோரை வழிப்பறிக்காரரோடு ஒன்றாக எண்ணுவதில்லை நம் சட்ட அறிஞர்கள். அவர்களுக்கு வலிமை இருக்கிறதா, கீழ்ப்படியத்தக்க ஒரு தலைவர் இருக்கிறாரா, தாம் செய்வதற்கு ஒரு ‘தஃவீல்’, அதாவது நம்பத்தகுந்த நியாயம், அவர்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பர். இருக்குமானால் அவர்கள் வேறு வகையினர். அவர்களோடு போரிடுமுன் ஆட்சியாளர் செய்யவேண்டிய முதற்கடமை ஒன்றையும் அந்நூல் விதிக்கிறது. நம்பிக்கையும் அறிவும் நல்லெண்ணமும் உடைய ஒருவரை அவர்களிடம் அனுப்பி, அவர்களுடைய மனக்குறை என்னவென்று கேட்கச் செய்ய வேண்டும். அநீதி ஒன்றை அவர்கள் எடுத்துச் சொன்னால் அதை நீக்க வேண்டும். பின்னரே அறிவுரை, அதற்கும் பின்னரே ஆயுதம். அப்போதும் புறமுதுகிட்டு ஓடுபவரைத் துரத்துவதில்லை. காயம்பட்டு வீழ்ந்தவரைக் கொல்வதில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரயட் சட்டம் ஒருவரை அனுப்புகிறது: படிப்பதற்கு. மின்ஹாஜ் ஒருவரை அனுப்புகிறது: கேட்பதற்கு. முஸ்லிம் மன்னர் அனைவரும் இவ்விதியைப் போற்றி நடந்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. வரலாறு படித்தவர் அப்படிச் சொல்லத் துணியார். ஆனால் எழுந்தவனுக்கு ஒரு குறை இருக்கக்கூடும் என்பதைச் சொல்லின் இலக்கணத்திலேயே வைத்திருப்பது வேறு; எண்ணிக்கையையும் வன்செயலையும் மட்டும் வைத்திருப்பது வேறு.

‘ரயட்’ என்ற ஒலியைக் கேட்டதும் நம் காதில் இன்னொரு சொல்லும் விழுகிறது: ரயத்து. நம் பாட்டனார் காலத்து நிலவரிப் பத்திரங்களில் நிறைந்திருந்த சொல். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்ரோ நிலைநாட்டிய ரயத்துவாரி முறையின் ரயத்து; உழுகுடி. இதன் மூலம் அரபு ‘ரஇய்யத்’. மேய்க்கப்படும் மந்தை, அதிலிருந்து குடிமக்கள். ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி வினவப்படுவர் என்னும் கருத்துள்ள நபிமொழியில் வருவது இச்சொல்லே. ஆங்கிலேயர் இதைத் தம் எழுத்தில் எழுதியபோது, கலகத்தைக் குறிக்கும் ‘ரயட்’ போலவே ஒலிக்கலாயிற்று. எழுத்து வேறு, ஒலி ஒன்று. இரண்டுக்கும் வேர் உறவு எள்ளளவும் இல்லை. போலி ஒற்றுமையைக் கண்டு வேர் கற்பிக்கும் பிழையை நாம் செய்யோம். எனினும் 1875இல் புனே, அகமதுநகர் மாவட்டங்களில் உழவர்கள் வட்டிக்கடைக்காரரின் கடன் பத்திரங்களைப் பறித்துத் தீயிட்டபோது அரசு அதற்கு ‘தக்காண ரயட்’ என்று பெயரிட்டது. ரயத்துகள் செய்த ரயட்! ஆங்கில அதிகாரியின் செவிக்குக் குடிமகனும் கலகமும் ஒரே ஓசையாய் இருந்ததை மொழியின் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நமக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

அரபியில் இதற்கு ஒரு சொல்லன்று, பல உண்டு. ‘பித்னா’ நம் வீடுகளில் புழங்குவது. மாமியார் மருமகள் பிணக்கைக் கூடப் பித்னா என்றுவிடுகிறோம். அதன் வேர்ப்பொருள் பொன்னை நெருப்பிலிட்டு மாற்றுப் பார்ப்பது. ‘பசாது’ என்பது கெட்டுப்போதல். ‘ஷகப்’ என்பது ஆரவாரம். இக்கால அரபு ஏடுகளில் கலகத் தடுப்புப் போலீசுக்கு வழங்கும் பெயரில் உள்ளது இதுவே. உருது வழியாக வடநாட்டுச் சட்டமொழியில் ரயட்டுக்கு வாய்த்த பெயர் ‘பல்வா’. பல்வா என்றால் அரபியில் சோதனை, துன்பம். ‘உமூமுல் பல்வா’ என்று பிக்ஹு நூல்களில் ஓதியோர்க்கு அதன் சுவை தெரியும்: எல்லாரையும் சூழ்ந்துகொண்ட இடர், ஆகவே சலுகைக்குரியது. பித்னாவும் சோதனை, பல்வாவும் சோதனை. துன்பப்படுபவனின் பக்கம் நின்று பெயரிட்ட சொல், சட்டப் புத்தகத்துள் நுழைந்ததும் துன்பப்படுபவனைத் தண்டிக்கும் சொல்லாயிற்று.

தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. ‘கலவரம்’ என்பது முதலில் மனத்தின் நிலை. நெஞ்சம் கலங்கி அஞ்சுதல். ‘அவன் கலவரமடைந்தான்’ என்று இன்றும் எழுதுகிறோம். அஞ்சியவனின் நெஞ்சுக்குரிய பெயரைத் தெருவில் நடந்த வன்செயலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். ‘கலகம்’ வடமொழிக் ‘கலஹ’த்தின் வழி வந்தது, சண்டை என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஆனால் தமிழ்ப் பழமொழி அதற்கு ஒரு மதிப்புக் கொடுத்தது: கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்றனர் நம் ஊர்ப் பெரியவர்கள். ரயட் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்று எந்த ஆங்கிலேயனும் சொல்லமாட்டான். ஆகவே ரயட்டைக் ‘கலகம்’ என்று பெயர்த்தவர்கள் அறியாமலே அதற்கு ஒரு சிறு நன்மை செய்தனர் என்றே நினைக்கிறோம்.

பழந்தமிழில் ‘கலாம்’ என்றொரு சொல் உண்டு: சண்டை, போர். அரபியில் ‘கலாம்’ என்றால் பேச்சு. அதே மூவெழுத்து வேரில் ‘கல்ம்’ என்றால் காயம். இறையியலில் வாதம் புரியும் கலைக்கு ‘இல்முல் கலாம்’ என்று பெயர். முன்னே கண்ட ‘ஹர்ஜ்’ என்பதற்கும் அரபு அகராதியில் அளவிறந்து பேசுதல் என்றொரு பொருள் உள்ளது. பிரெஞ்சு ரியோத்தும் பேச்சுத்தான். இவை தற்செயல் ஒற்றுமைகள். ஆராய்ச்சி முடிவுகள் அல்ல. ஆயினும் நாவிலிருந்து காயத்துக்கு எத்தனை அடி தூரம் என்பதைப் பல மொழியினரும் தனித்தனியே அளந்து வைத்திருக்கின்றனர்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு இனித் திருநெல்வேலிக்குத் திரும்புவோம்.

வ.உ. சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை எடுத்து 2 இலட்சம் ரூபாய் அளித்தார். கம்பெனியின் மூலதனமே 10 இலட்சம்தான் என்பதை நினைத்தால் அத்தொகையின் எடை புரியும். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மார்ச் 9ஆம் நாள் விபின் சந்திர பாலரின் விடுதலையைத் தடையையும் மீறிக் கொண்டாடினர். மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நகரத்துக் கடைகள் அடைபட்டன. மக்கள் திரண்டனர். நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், தபால் நிலையம், முன்சீப் நீதிமன்றம் ஆகியவற்றில் தீ வைக்கப்பட்டது. சர்ச் மிஷன் கல்லூரியும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர் கைதைக் கண்டித்து மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர்.

தீப்பட்டவற்றின் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். வரி வாங்கும் இடம், பிடித்துச் செல்லும் இடம், தீர்ப்புச் சொல்லும் இடம், தகவல் போகும் இடம். வேட்டை நாய் மோப்பம் தவறி ஓடிய ஓட்டமா இது? இக்கூட்டத்துக்கு முகவரி தெரிந்திருந்தது. மின்ஹாஜ் சொல்லும் ‘தஃவீல்’ இவர்களிடம் ஐயமின்றி இருந்தது: தாம் நம்பிய தலைவர்களைக் காரணமின்றிச் சிறையிட்டார்கள் என்பதே அது. வலிமையும் தலைமையும் இருந்தனவா என்றால் இல்லை. தலைவர் மூவரும் முதல் நாளே சிறையில். ஆகவே நம் சட்ட நூலின் முழு அளவுகோலில் இது ‘புகாத்’ ஆகாது. அந்த அளவுகோலைக் கொண்டு இம்மக்களுக்கு வலிந்து பட்டம் சூட்டவும் வேண்டியதில்லை. ஆனால் மனக்குறை என்னவென்று கேட்க எவரேனும் அனுப்பப்பட்டாரா? துப்பாக்கி அனுப்பப்பட்டது. பின்னர்த் தண்டக்காவல் படை அமர்த்தி அதன் செலவையும் ஊர் மக்கள் தலையில் வரியாகச் சுமத்தினர்.

வழக்கு நடந்த முறையும் நோக்கத்தக்கது. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்தது 40 ஆண்டுத் தீவாந்தரம்; சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். அவர் மீது சாட்டப்பட்டது கல்லெறிந்த குற்றமன்று, தீயிட்ட குற்றமன்று. தீ எரிந்தபோது அவர் சிறைக்குள் இருந்தார். அவர் செய்த குற்றம் பேசியது. ‘ரியோத்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் பழம்பொருளை அந்த நீதிமன்றம் அறிந்திருந்ததோ இல்லையோ, தண்டித்தது அதைத்தான்.

ஆகவே, பேராசிரியர் ‘எழுச்சி’ என்ற சொல்லைத் தேர்ந்தது தகும் என்பதே நம் முடிவு. எழுச்சி என்பது எழுதல். கீழே இருந்தவர் எழுந்தனர் என்னும் செய்தி அச்சொல்லுக்குள்ளேயே உள்ளது. அரபு ‘ஸவ்ரத்’ என்பதும் கிளர்ந்தெழுதலே. புழுதி எழுவதற்கும் அவ்வேரைச் சொல்வர். ஆயினும் ஒரு குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ‘எழுச்சி’ என்ற சொல்லிலும் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. ‘கலகம்’ எல்லாக் குற்றத்தையும் கூட்டத்தின் மேல் போட்டது. ‘எழுச்சி’ எல்லாப் பெருமையையும் கூட்டத்துக்குத் தருகிறது. நால்வர் உயிரை எடுத்த கை இரண்டு சொல்லிலும் அகப்படாமல் நழுவிவிடுகிறது.

இது பழங்கதை அன்று. 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஓர் ஊர்வலம் சென்றது. போலீசார் தடியடி நடத்தினர். ஓடியவர்க்கு ஒருபுறம் தடி, மறுபுறம் தாமிரபரணி. ஆற்றில் 17 பேர் மாண்டனர். அவருள் பெண்களும் ஒரு சிறு குழந்தையும் உண்டு. அரசு மொழியில் அது ‘சம்பவம்’. இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் ஆற்றில் மலர் தூவுவோர் மொழியில் அது ‘படுகொலை’. ஒரே ஆறு, இரண்டு அகராதிகள்.

இதுவரை ‘ரயட்’ என்ற சொல், எழுந்தவனைக் குற்றவாளியாக்கிய கதையைச் சொன்னோம். அது செய்யும் தீங்கு இன்னொரு வகையும் உண்டு. நம் சமுதாயத்துக்கு அது இன்னும் நெருக்கமானது. ஒருவன் அடித்தான், ஒருவன் அடிபட்டான். மறுநாள் ஏட்டில் ‘இரு தரப்பாரிடையே கலவரம்’ என்று வருகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே சொல்லுக்குள் சரிசமமாக அமர்ந்துவிடுகின்றனர். 1915ஆம் ஆண்டு மே இறுதியில் கண்டியில் தொடங்கி இலங்கையின் பல பகுதிகளுக்குப் பரவிய நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். சோனகரின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. காயல்பட்டினம் முதலிய நம் கரையோர ஊர்களிலிருந்து அங்கே வணிகம் செய்தோர் பலர். அவர்களுக்கு அது ‘ரயட்’ அன்று. தம் மேல் வந்து விழுந்த தாக்குதல். பின்னர் ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்கள மக்கள் பலரைச் சுட்டுக் கொன்றது. அக்கொடுமையை எதிர்த்து வாதாடிய சர் பொன்னம்பலம் இராமநாதன் 1916இல் எழுதிய நூலின் பெயரிலும் ‘ரயட்’ என்ற சொல்லே நின்றது. அரசின் அநீதியைத் துணிந்து எடுத்துரைத்த அந்நூலின் நோக்கை நாம் குறை கூறவில்லை. ஆனால் தலைப்பைப் படிப்பவர்க்கு, முதலில் எவர் வீட்டுக் கதவு உடைந்தது என்பது தெரியாது.

பொதுமக்கள் நாவு இவ்விஷயத்தில் அறிஞரினும் நேர்மையானது. 1899இல், அந்நாள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகாசியின் மீது பெருங்கூட்டம் ஒன்று பாய்ந்தது. அரசு அதையும் ரயட் கணக்கில் எழுதிற்று. மக்களோ ‘சிவகாசிக் கொள்ளை’ என்றனர். ஒரே சொல்லில் செயல் எது என்பது விளங்கிவிட்டது.

நம் பக்கத்துக்கே கடினமான வழக்கு ஒன்று இருக்கிறது. 1921ஆம் ஆண்டு மலபாரில் நிகழ்ந்ததை ஆங்கிலேயர் ‘மாப்பிள்ளைக் கலகம்’ என்றனர். மலையாளத்தில் ‘லஹள’ என்றனர். பின்வந்தோர் ‘மலபார்ச் சமரம்’ என்றனர். 1971இல் கேரள அரசு அதில் பங்குகொண்டோரை விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்றது. அங்கே தஃவீலும் இருந்தது, வலிமையும் இருந்தது, கீழ்ப்படியத்தக்க தலைவரும் இருந்தனர். மின்ஹாஜின் மூன்று அடையாளங்களும் பொருந்துகின்றன. ஆங்கில ஆட்சிக்கும் நிலக்கிழமைக் கொடுமைக்கும் எதிராக எழுந்த குடிகள் அவர்கள். ஆகவே ‘எழுச்சி’ என்பது பொருந்தும். ஆயினும் அம்மாதங்களில் இந்துக் குடும்பங்கள் பல கொலைக்கும் கொள்ளைக்கும் கட்டாய மதமாற்றத்துக்கும் உள்ளாயின. அக்குடும்பங்களின் வாசலில் நின்று ‘எழுச்சி’ என்று சொல்ல எவர்க்கும் நா எழாது. 1915இல் காயல் வணிகனின் கடைக்கு எந்தச் சொல்லைக் கேட்டோமோ அதே சொல்லை 1921இல் அவ்வீடுகளுக்கும் கொடுத்தாக வேண்டும். நம்மவர் எழுதும் மலபார் வரலாறுகளுள் சில இப்பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. அது எழுத்தாண்மையும் அன்று, மார்க்கமும் அன்று.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் திரூரிலிருந்து புறப்பட்ட இரயிலின் மூடிய சரக்குப் பெட்டி ஒன்றில் மாப்பிள்ளைக் கைதிகள் ஏறத்தாழ நூறு பேர் அடைக்கப்பட்டனர். காற்றில்லை, நீரில்லை. போத்தனூரில் கதவு திறக்கப்பட்டது. மூச்சு முட்டி மாண்டவர் ஏறத்தாழ 70 பேர். எழுந்தவன் செய்ததற்குக் ‘கலகம்’ என்று பெயர் வைத்த அதே மொழி இதற்கு வைத்த பெயர் ‘வாகன் டிராஜடி’. டிராஜடி என்பது கிரேக்கர் தந்த நாடகச் சொல், துன்பியல் நாடகம். அதில் விதி உண்டு, கண்ணீர் உண்டு, திரை விழுதலும் உண்டு. கதவைப் பூட்டியவன் மட்டும் இல்லை. இந்நிகழ்ச்சியைப் ‘படுகொலை’ என்று எழுதுவோர் கேரளத்தில் இருக்கின்றனர். போத்தனூர் நம் கோவைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழில் இதற்கு இன்னும் ‘வாகன் டிராஜடி’ என்றே எழுதி வருகிறோம்.